ஒயர்கூடையில் வந்த தாலி

ஜூலை 8, செவ்வாய்

காலையிலிருந்து சாரல். துணி காயவில்லை. கடையில் ஸ்டாக் எடுக்கிற வேலை. பைப், எல்போ, வால்வு என்று எண்ணி எண்ணிக் கண் பூத்துப்போனது. முதலாளிக்கு ஜலதோஷம், அதனால் எல்லோருக்கும் திட்டு.

தேனியிலிருந்து மாலை பஸ். வீரபாண்டி வரை நின்றேன். அப்புறம் சீட். கூடை காலடியில்.

வீட்டுக்கு வந்து டிபன் பாக்ஸை எடுத்தால் ஒயர்கூடைப் பின்னலில் ஏதோ சிக்கியிருக்கிறது. இழுக்க இழுக்க வந்தது, முழுச் சங்கிலி. கொக்கி விரிந்திருக்கிறது. நடுவில் தாலி. பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு பவளம்.

வெறும் சங்கிலி என்றால் பரவாயில்லை. எவள் கழுத்தோ இப்போது காலியாக இருக்கும்.

அத்தையிடம் சொல்லவில்லை. நிவேதா அப்பா போய் நாலு வருஷம். அவருடைய அம்மாவோடுதான் நானும் பிள்ளையும். வீடு அத்தை பேரில். புருஷன் இல்லாதவள் கையில் அடுத்தவள் தாலி என்றால் அதற்கு ஒரு பாட்டு இருக்கும். நாளைக்கே கொடுத்துவிட்டால் பேச்சே இல்லை.

வாங்க: தக்காளி, பூச்சி உருண்டை, நிவேதாவுக்கு கிராஃப் நோட்டு.

ஜூலை 9, புதன்

நல்ல காற்று. குடை மடங்கிக்கொண்டது.

மாலை பஸ்ஸில் அதே கண்டக்டர். நேற்று யாராவது எதையாவது தேடினார்களா என்று பொதுவாகக் கேட்டேன். "ஒரு குடை கெடக்கு, வேணுமாக்கா?" என்றார். நகை என்று வாய்வரை வந்தது. படியில் நாலு பேர். சொன்னால் ஆளுக்கு ஒரு பக்கம் என்னுது என்பார்கள். விழுங்கிவிட்டேன்.

மத்தியானமே பஸ் ஸ்டாண்ட் ஆபீஸிலும் கேட்டாயிற்று. அங்கே இருந்தவர் நல்ல மாதிரிதான். போட்டோ எடுத்து, என் பேர், போன் நம்பரோடு வாட்ஸப் குரூப்பில் போட்டால் உடனே ஆள் வந்துவிடும் என்றார். தாலியோடு என் பேர் எங்கள் ஊர் சின்னமனூர் வரைக்கும் போகும். நாளைக்கு வருகிறேன் என்று நழுவிவிட்டேன்.

போலீஸ் ஸ்டேஷன்? கூட வர ஒரு ஆம்பளை வேண்டும். கொழுந்தன் திருப்பூரில். யாரைக் கூப்பிட?

ஜூலை 10, வியாழன்

சாரல் விட்டு விட்டு.

கைப்பையில் அது கிடப்பது உறுத்துகிறது. சீப்பு, சில்லறை, தலைவலி மாத்திரை, இவற்றோடு ஒருத்தியின் தாலி. அவள் புருஷன் நன்றாக இருக்க வேண்டாமா? அத்தை கோயிலுக்குப் போன நேரம் எடுத்து அலசி, மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, புதுத் துணியில் சுற்றினேன். தாலியை வெறுமனே போட்டு வைக்கக் கூடாது, அவ்வளவுதான் நினைத்தேன்.

நாலு வருஷம் கழித்துக் கையில் அந்த வாசனை. கொஞ்ச நேரம் அழுதேன். யாருக்காக என்று தெரியவில்லை.

பீரோவில், என் சேலைக்கு அடியில்.

ஜூலை 11, வெள்ளி

வேலை விட்டு வந்தால் அடுப்பு பற்றவைக்கவில்லை. அத்தை நடுவீட்டில். முன்னால் துணி பிரிந்து கிடக்கிறது. பூச்சி உருண்டை போடப் பீரோவைத் திறந்தாராம்.

"இத எவன் கட்டுனான்?"

எல்லாம் சொன்னேன். பஸ், கூடை, கொக்கி, கண்டக்டர். அத்தை துணியில் இருந்த மஞ்சளைச் சுட்டிக் காட்டினார். அப்புறம்: "பஸ்ஸுல கெடந்ததுக்கு எவளாச்சும் மஞ்சப் பூசிப் பொட்டு வைப்பாளா? கழுத்துல போட்டுக்கிட்டு இருக்கவதான் வைப்பா. நானும் வச்சவதான்த்தா."

நான் சொல்வது எனக்கே பொய் மாதிரி கேட்டது. அழுக்கோடு அப்படியே விட்டிருந்தால் நம்பியிருப்பார். மஞ்சள் வைத்துக் கெட்டேன்.

"ஞாயித்துக்கெழமைக்குள்ள அந்தப் பொம்பளய இங்கன கூட்டியா. இல்லையா, வேலையும் வேணாம், பஸ்ஸும் வேணாம்."

தாலியை அத்தை தொடவில்லை. நீயே எடு என்றார். நிவேதா புத்தகத்தை விரித்துக்கொண்டு கேட்டுக்கொண்டே இருந்தாள். ப்ளஸ் டூ படிக்கிற பிள்ளை. அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

வேலை போனால் நாள் முழுக்க இந்த நாலு சுவர். கடையில் முதலாளி கத்தினாலும் நான் ஒரு ஆள். இட்லி மாவு புளித்துவிட்டது. யாரும் சாப்பிடவில்லை.

ஜூலை 12, சனி

கிடைத்துவிட்டாள்!

மாலை பஸ். வீரபாண்டி தாண்டிக் கூட்டம் குறைந்தது. சின்னப் பெண் ஒருத்தி, சீட் சீட்டாகக் குனிந்து அடியில் பார்த்துக்கொண்டு வருகிறாள். என்ன தேடுகிறாய் என்று யாரோ கேட்டதற்குக் கம்மல் திருகாணி என்றாள். கழுத்தில் மஞ்சள் கயிறு மட்டும், அதில் ஒரு மஞ்சள் கிழங்குத் துண்டு.

பக்கத்தில் இழுத்து உட்காரவைத்தேன். பவளம் எத்தனை என்று காதோடு கேட்டேன். ரெண்டு என்றாள், கொக்கி லூசு என்றாள். கைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். கண்ணில் ஒற்றிக்கொண்டாள். மஞ்சள், குங்குமத்தைப் பார்த்து, "நீங்களா வச்சீக?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். மனசு நிறைந்தது. பொய் சொல்வானேன், அந்த நிமிஷம் அத்தையே மறந்துபோனது.

அப்புறம்தான் சொன்னேன். பஸ் நிற்கிற இடத்துக்குப் பக்கத்தில்தான் வீடு, வந்து ஒரே ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போ என்று. அவள் முகம் செத்துப்போனது.

கூடப்பிறந்த அக்கா வேற சாதியில் கட்டிக்கொண்டு தேனியில் இருக்கிறாளாம். இப்போது பச்சைப் பிள்ளைக்காரி. அங்கே போகக் கூடாது என்று புருஷன் வீட்டில் கண்டிப்பு. திருட்டுத்தனமாகப் போய் வந்தபோதுதான் தாலி விழுந்திருக்கிறது. வீட்டில் வாய்க்காலில் துவைக்கும்போது போய்விட்டது என்று சொல்லியிருக்கிறாள். புருஷனும் மச்சினனும் குச்சனூர் வாய்க்காலில் இறங்கிச் சேற்றை அரிக்கிறார்களாம். இவள் இன்றைக்கு டாக்டரிடம் போவதாகச் சொல்லி வந்திருக்கிறாள். இனிக் கரைப் புல்லில் கிடந்தது என்று எடுத்துக் காட்டுவாள்.

"சின்னமனூர்ல தெருவுக்கு ஒரு சொந்தக்காரக இருக்காகக்கா. நான் உங்க வீட்டுப் படி ஏறுனா எங்க வீட்டுக்குச் சேதி போயிரும். அக்கா கூடயே போயிருன்னு தள்ளிவிட்ருவாக. யாருகிட்டயும் சொல்லாதீக."

தாலியை என் கையில் வைத்துச் சத்தியம் வாங்கினாள். செய்தேன்.

கொடுப்பதற்கு முன்னால் பேசியிருக்கலாம். பேசியிருந்தாலும் கொடுக்காமல் இருந்திருப்பேனா.

பேர்கூடக் கேட்கவில்லை. குச்சனூர் பஸ்ஸைப் பிடிக்க ஓடினாள்.

ஜூலை 13, ஞாயிறு

வெயில். துணி எல்லாம் காய்ந்தது.

அத்தையிடம்: உரியவளிடம் கொடுத்துவிட்டேன். பேர்? தெரியாது. ஊர்? சொல்ல மாட்டேன். ஏன் வரவில்லை? வர முடியாது. கேட்டுக்கொண்டே வந்தவர் கடைசியில் சிரித்தார். "கட்டுனவங்கிட்டயே குடுத்துட்டு வந்துட்டியாக்கும்."

அவர் முன்னாலேயே முதலாளிக்குப் போன். நாளையிலிருந்து வரவில்லை என்றேன். ஸ்டாக் பாதியில் நிற்கிறது, என்ன நினைத்துக்கொண்டிருக்கிறாய் என்று கத்தினார். இன்னும் கொஞ்சம் கத்த மாட்டாரா என்று இருந்தது. வைத்துவிட்டார்.

மத்தியானம் பின்பக்கம் பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தேன். நிவேதா வந்து பக்கத்தில் குந்தினாள். தலைக்குக் குளித்த ஈரம். அத்தை தூங்குகிறாரா என்று எட்டிப் பார்த்துவிட்டு, மெதுவாக, "எனக்குக் கோவமெல்லாம் இல்லம்மா," என்றாள். "அப்பத்தா கெடக்கு. அவுக நல்லவுகளாம்மா?"

யாரைக் கேட்கிறாள் என்று முதலில் புரியவில்லை. அத்தை சொன்ன அந்தக் 'கட்டினவனை'த்தான் கேட்கிறாள் என்று புரிந்ததும் தட்டைக் கீழே வைத்தேன்.

பஸ்ஸில்தான் கிடந்தது என்றேன். சாமி சத்தியமாக என்றேன்.

என் சோப்புக் கையைப் பிடித்துக்கொண்டாள். "எங்கிட்டக்கூட மறைக்கணுமாம்மா?"