இடது கண்ணின் தழும்பு

இன்று காலை, புதிதாகச் சேர்ந்த தாதியருக்கு வகுப்பு எடுக்கும்போது திரையில் உன் இடது கண் வந்தது. ஆரஞ்சு நிற விழித்திரை, அதன் நடுவில் கறுப்பு விளிம்பு கட்டிய வெள்ளைத் தழும்பு. பெயர் போடாத படம். "பூனையின் கழிவிலிருந்து மண்ணுக்கும், மண்ணிலிருந்து மனிதருக்கும் வரும் ஒட்டுண்ணி இது. தாயின் வயிற்றில் இருக்கும்போதே பிள்ளையின் கண்ணைத் தாக்கிவிடும்" என்று எப்போதும் சொல்வதைச் சொன்னேன். குரல் தடுமாறும் என்று எதிர்பார்த்தேன். தடுமாறவில்லை. அடுத்த படத்துக்குப் போய்விட்டேன்.

அந்தப் படத்தை எடுத்தது நான்தான். ஈப்போவில் கண் ஆராய்ச்சிப் பிரிவில் நாம் இருவரும் வேலைக்குச் சேர்ந்த புதிது. கருவியில் தாடையை வைத்துக்கொண்டு, "நல்லா எடு லா, இதுதான் என் பாஸ்போர்ட் போட்டோ" என்றாய். அந்தக் கண்ணால் ஒருவரைப் பார்த்தால் காதும் முடியும் தெரியும், முகம் இருக்க வேண்டிய இடத்தில் மங்கல்தான் இருக்கும் என்று அன்றைக்குத்தான் சொன்னாய். உன் கண்ணுக்குள் தூங்கிக்கொண்டிருந்த ஒட்டுண்ணியையே ஆராய வந்தவள் நீ. கோபம் வராதா என்று கேட்டேன்.

"யார் மேல? பூனை மேலயா?" என்று சிரித்தாய்.

உனக்குக் கோபம் வந்ததெல்லாம் கிரகணக் கதையின் மேல்தான். உன்னைச் சுமந்திருந்தபோது கிரகணத்தன்று அம்மா வெளியே போனதால்தான் உன் கண் இப்படி ஆனது என்று எஸ்டேட்டில் எல்லாரும் சொன்னார்கள். உன் அப்பா அதைச் சொல்லிச் சொல்லியே அம்மாவைக் குத்திக்காட்டினார். படிப்பு முடிந்ததும் அது பொய் என்று அம்மாவிடம் சொன்னாய். "அப்ப எதனால?" என்று அவர் கேட்டார். நீ பதில் சொல்லவில்லை.

எலித் தொல்லைக்காக லயத்து வீட்டில் பூனைகள் வளர்த்தவர் அவர். நீ வயிற்றில் இருந்த மாதங்களிலும் அவற்றின் கழிவை வெறுங்கையால் அள்ளியிருக்கிறார். அதுதான் காரணம் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. களை பிடுங்கிய மண்ணாக இருக்கலாம், சரியாக வேகாத இறைச்சியாகவும் இருக்கலாம். "பூனைன்னு சொன்னா அம்மா அத மட்டும்தான் பிடிச்சுக்குவாங்க. ஒரு பழிய எடுத்துட்டு இன்னொண்ணக் குடுக்கச் சொல்றியா? நீயும் சொல்லிடாத" என்றாய். சரி என்றேன்.

பிறகு டிங்கிக் காய்ச்சல் வந்து, ஒரு வாரத்துக்குள் நீ போய்விட்டாய். மருத்துவமனையில் கடைசியாக என்னிடம் பேசியது பாகான் டத்தோ தாய்சேய் கிளினிக்கிலிருந்து வரவேண்டிய ரத்த மாதிரிகளைப் பற்றி. "அந்த ஐஸ் பெட்டி பழசாயிருச்சு, மாத்தச் சொல்லு." மாற்றச் சொன்னேன். மாற்றிவிட்டார்கள்.

காரியமெல்லாம் முடிந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை சிலிபினில் இருக்கும் உன் வீட்டுக்குப் போனேன். உன் அம்மா தேத்தண்ணி வைத்துக் கொடுத்தார். நான் குடித்து முடித்ததும் எதிரில் உட்கார்ந்து கேட்டார்.

"பூனையாலதானே பாப்பா?"

எனக்கு உடனே விளங்கவில்லை.

"அவ கண்ணு. உங்க ஆபீசுக்கு ஒரு தடவ என்னைக் கூட்டிட்டுப் போனா. செவத்துல படம் இருந்துச்சு. ஒரு வயித்துப் பிள்ளக்காரி, பக்கத்துல பூனை, அப்புறம் ஒரு கண்ணு. எழுத்துதான் எனக்கு வராது. படம் பார்த்தா தெரியாதா?"

"அவகிட்ட நீங்க கேக்கலையா?"

"இவ ஓடி வந்து படத்த மறைச்சு நின்னுக்கிட்டா. சரி, எனக்குத் தெரியக்கூடாதுன்னு நினைக்கிறா, தெரியாத மாதிரியே இருப்போம்னு விட்டுட்டேன். அது ஆச்சு, ரொம்ப வருஷம்."

பூனைதான் என்று யாராலும் சொல்ல முடியாது என்று விளக்க ஆரம்பித்தேன். மண், இறைச்சி, தண்ணீர் எல்லாவற்றையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். பிறகு, "என் மேல கோவமா இருந்தாளா?" என்றார்.

"ஒரு நாளும் இல்லம்மா."

தலையாட்டினார். கோப்பையை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. நான் எழுந்து உள்ளே போகவில்லை. அழுகையும் வரவில்லை.

பாகான் டத்தோவுக்கு இப்போது நான்தான் போகிறேன். அங்கே வரும் கர்ப்பிணிகளிடம் நீ சொன்ன மாதிரியேதான் சொல்கிறேன்: பூனையை விரட்ட வேண்டாம், கழிவை மட்டும் வேறு யாரையாவது அள்ளச் சொல்லுங்கள், இறைச்சியை நன்றாக வேகவையுங்கள். போன வாரம் ஒரு பெண், ரத்தம் எடுத்த கையை மடித்துப் பிடித்தபடி கேட்டாள்.

"தெரியாம இத்தன நாளா நான்தான் அள்ளிக்கிட்டு இருந்தேன் அக்கா. பிள்ளைக்கு ஏதாச்சும் ஆயிட்டா என் தப்புதானே?"

"முதல்ல ரத்தத்தப் பார்ப்போம்" என்றேன். "எதுவா இருந்தாலும் உன் தப்பு இல்ல."

யோசிக்காமல் வாயில் வந்துவிட்டது. திரும்பி வரும்போது தெலுக் இந்தான் தாண்டிய பிறகுதான் உறைத்தது. உன் அம்மாவிடம் மண்ணைப் பற்றியும் இறைச்சியைப் பற்றியும் அத்தனை சொன்னேன். இந்த வார்த்தையை மட்டும் நான் சொல்லவில்லை. நீயும் சொல்லவில்லை.

வரும் ஞாயிற்றுக்கிழமை சிலிபினுக்குப் போகிறேன்.