தபால்காரர் ஆடிய ஊர்கள்

பிப்ரவரி 4

சனிக்கிழமை எங்கள் கால்பந்து கிளப் பையன்கள் மழையில் ஆடினார்கள். சட்டை, காற்சட்டை, காலுறை எல்லாம் ஒரே சேறு. காயவிட்டுத் தட்டிய பிறகுதான் மெஷினில் போட்டேன். ஈரத்தோடு தேய்த்தால் சேறு நூலுக்குள் போய்க் குடியிருந்துவிடும். கேலரிக்கு அடியில் இருக்கும் இந்தச் சலவை அறையில் ஜன்னல் கிடையாது. இருந்தும் குளிர்காலத்தில் இதைவிடக் கதகதப்பான இடம் இந்த கிளப்பில் வேறு இல்லை.

என் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்து இரண்டு மாதம் ஆகப் போகிறது. கூடையில் கை விடும்போது இன்னும் அவர் சட்டையைத் தேடுகிறேன். மூளைக்குத் தெரிந்துவிட்டது, கைக்குத் தெரியவில்லை.

பிப்ரவரி 6

அண்ணன் போன் செய்தார்.

"மாடி ரூமுக்குப் பெயின்ட் அடிச்சாச்சு. பாப்பா பரீட்சை முடிஞ்சதும் கெளம்பி வந்துடு. ஊர் ஊரா அலைஞ்சது போதும்மா."

பின்னாலிருந்து அண்ணி, "கட்டில் வாங்கியாச்சுன்னு சொல்லுங்க" என்றார்.

தங்கச்சிக்கு இப்படிச் செய்யும் அண்ணன் எத்தனை பேருக்கு வாய்க்கும்? சரி என்றேன். நாங்கள் இருப்பது கிளப் வீடு. சீசன் முடிந்தால் அடுத்த ஆட்டக்காரருக்கு. நாங்களும் யாரோ காலி செய்த வீட்டுக்குள்தானே வந்தோம்.

பிப்ரவரி 7

துணி உலரவில்லை. எனக்கும் எதுவும் ஓடவில்லை.

பிப்ரவரி 9

ஞாயிறு. எழுத நேரம் இருக்கிறது.

ஏழு கிளப்புக்கு ஆடினார். ஒரு கிளப்பில் ஐந்து வருஷம், இன்னொன்றில் நாலே மாதம். ஒரு தடவை பக்கத்து வீட்டுக்கு ஏணி கொடுப்பது போல ஒரு சீசனுக்கு இரவலாகவும் கொடுத்தார்கள். அவரை யாரும் பெரிய ஆட்டக்காரர் என்று சொன்னதில்லை. வேண்டாத ஆள் என்றும் சொன்னதில்லை. நடுவில் ஓடுகிறவர். பின்னால் இருப்பவனிடம் பந்தை வாங்கி முன்னால் இருப்பவனிடம் சேர்ப்பதுதான் வேலை. அதனால் தபால்காரர் என்ற பெயர் எப்படியோ ஊருக்கு ஊர் அவருக்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிடும்.

"ஏன்யா, நீ ஒரு கோல் போட்டா என்ன?" என்று கேட்டால், "தபால்காரன் அடுத்தவன் தபாலப் பிரிக்கலாமா?" என்பார்.

இரண்டாவது ஊரில் துவைக்கிற ஆள் வராத ஒரு நாள் நான் போய் நின்றேன். பிறகு எந்த கிளப்பில் சேர்ந்தாலும் அவரே கேட்டுவிடுவார். "தொவைக்க ஆள் வேணுமா? என் வீட்டுக்காரி என்னைவிட நல்லா ஆடுவா." கூச்சமாக இருக்கும். ஆனால் அந்தக் கூச்சம்தான் எனக்குச் சோறு போடுகிறது.

எங்கே போனாலும் யாராவது ஒருவர் கை கொடுத்தார்கள். பாப்பா பிறந்த ஊரில், எங்களுக்கு ஆள் இல்லை என்று கோல் கீப்பரின் அம்மா பத்து நாள் வந்து குளிப்பாட்டினார். என் வீட்டுக்காரர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது கிளப் பஸ் டிரைவர் தினமும் வந்து என்னைக் கூட்டிப் போனார், கேட்காமலே. எதிர் அணிக் கேப்டன் வந்தான். வருஷா வருஷம் இவர் காலை மிதிக்கிறவன்! கட்டில் ஓரமாக உட்கார்ந்து இவர் பாதத்தைப் பிடித்துவிட்டுக்கொண்டே இருந்தான். இதற்கெல்லாம் யாரிடம் போய் நன்றி சொல்வது?

பிப்ரவரி 15

என்ன காரியம் செய்தேன் இன்று.

ஆட்டத்துக்கு முன்னால் உடை மாற்றும் அறையில் அவரவர் இடத்துக் கொக்கியில் சட்டையை மாட்டுவது என் வேலை. நம்பர் வெளியே தெரிய வேண்டும். கதவோரம் அவர் இடம். அவர் போனதிலிருந்து அங்கே யாரும் உட்காரவில்லை. யாரும் சொல்லி வைத்ததில்லை, தானாகவே காலியாக இருந்தது. அவருடைய எட்டாம் நம்பரைப் போன வாரம் இரவலுக்கு வந்த புதுப் பையனுக்குக் கொடுத்திருக்கிறார்கள். எல்லோரும் அவனை நெட்டை என்கிறார்கள். அவனுக்கு இடம் உள்ளே, மூலையில்.

நான் எட்டைக் கதவோரம் மாட்டிவிட்டேன். கை தானாகவே போயிருக்கிறது.

வெளியே வந்த பிறகு ஸ்டோர்காரர் ஓடி வந்தார். பந்து, பூட்ஸ் எல்லாம் அவர் பொறுப்பு. "அக்கா, எட்டை அங்கயே மாட்டிட்டீங்களே!" அதற்குள் பையன்கள் உள்ளே போய்விட்டார்கள். பூமி பிளந்து என்னை விழுங்காதா என்றிருந்தது. கதவு சாத்தாமல் இருந்தது. நின்று கேட்டேன். யாரோ சட்டையை எடுக்க எழுந்தது போலிருந்தது.

நெட்டையின் குரல் கேட்டது. "இருக்கட்டும், இங்கயே உக்காந்துக்கறேன்."

அப்புறம் எங்கள் கேப்டன், "உக்காரு. ஆனா அந்த எடத்துல உக்காந்தவன் கோல் போடக் கூடாது, தெரியுமில்ல?" என்றான்.

அறையே சிரித்தது. இரண்டு மாதத்துக்குப் பிறகு அவருடைய தபால்காரன் பேச்சுக்கு எல்லோரும் சிரிக்கிறார்கள்! நான் துண்டுக் கூடையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதேனா சிரித்தேனா, எனக்கே தெரியவில்லை.

பிப்ரவரி 17

நெட்டை சலவை அறைக்கு வந்தான். தலை வாசலில் இடித்துவிடும், குனிந்தே நின்றான்.

"அக்கா, அது யார் எடம்னு எனக்குத் தெரியும். நீங்க சொன்னா மாறிக்கறேன்."

"வேணாம் தம்பி. அங்கயே இரு."

போகாமல் காலுறைகளை ஜோடி சேர்த்தான். தப்புத் தப்பாக. "அடுத்த மாசம் வீட்டுக்காரி வர்றா. ரெண்டு வருஷத்துல மூணாவது ஊர். போன்ல என்ன சொன்னாலும் சரிங்கறா. அதான் பயமா இருக்கு."

எனக்குச் சுருக்கென்றது.

பிப்ரவரி 18

பாப்பா சாப்பிட்டுக்கொண்டே கேட்டாள். "மாமா வீட்டுக்குப் போனா எனக்கு இது எத்தனாவது ஸ்கூல்மா?"

"ஆறாவது."

"சரி" என்று தட்டைக் கழுவப் போய்விட்டாள். அழவில்லை. சிணுங்கவில்லை. என்னுடைய சரி அது. அப்படியே என் வாய். அவர் ஒவ்வொரு தடவையும் வந்து அடுத்த ஊர் என்று நிற்கும்போது நான் சொன்ன சரி. பதினோரு வயசுப் பிள்ளைக்கு இதையா குடுத்தேன்?

பிப்ரவரி 19

தூக்கம் இல்லை. அவரைக் குற்றம் சொல்லவும் மனசு வரவில்லை. ஆஸ்பத்திரியில் ஒருநாள், "இந்த சீசனோட ஆட்டம் போதும். அடுத்த ஊரை நீ சொல்லு, நான் பெட்டி கட்டறேன்" என்றார். நான் சிரித்துவிட்டேன். எனக்கு எந்த ஊரைத் தெரியும்? எந்த ஊர் வேண்டும் என்று என்னை ஒருத்தரும் கேட்டதில்லையே. அவர் கேட்டார். பதில் சொல்வதற்குள் போய்விட்டார்.

அண்ணன் வீடு நல்ல வீடுதான். ஆனால் அது அண்ணன் சொன்ன ஊர்.

நான் சொல்ல வேண்டிய ஊர் எது?

பிப்ரவரி 22

பாப்பாவிடம் கேட்டேன். "உனக்கு எங்க இருக்கணும்?" என்னையே பார்த்தாள், ஏதோ பொறி வைக்கிறேன் என்பது போல. "நெஜமா கேக்கறியா?" என்றாள். நிஜமாக என்றேன். "அப்ப இங்க" என்று சொல்லிவிட்டுத்தான் அழ ஆரம்பித்தாள். இரண்டு மாதமாக வராத அழுகை.

எனக்கும் இங்கேதான். சொல்லிப் பார்த்தேன். நாக்கு ஒன்றும் கூசவில்லை.

பிப்ரவரி 24

மேனேஜரிடம் கேட்டேன். "சலவை வேலை உங்களதுதான்மா. வீடுதான் குடுக்க முடியாது" என்றார். ஸ்டோர்காரர் வீட்டின் பின்பக்கத்து அறைகள் இரண்டு சும்மா கிடக்கின்றன. அவர் மனைவியிடம் கேட்டேன். "பழைய சாமானும் பல்லியும்தான் குடியிருக்கு. ரெண்டையும் வெளியே அனுப்பிடறேன், நீ வா" என்றாள்.

பிப்ரவரி 25

அண்ணனுக்குச் சொல்லிவிட்டேன்.

"ஒத்தைப் பொம்பள, அந்த ஊர்ல உனக்கு யாரும்மா இருக்கா?"

யார் யார் என்று சொல்லிக்கொண்டே போனேன். டிரைவர், ஸ்டோர்காரர், அவர் மனைவி, கேப்டன், பாப்பாவின் டீச்சர். அண்ணனுக்குக் கோபம் இல்லை, வருத்தம். அது இன்னும் கஷ்டம்.

"அப்ப அந்தக் கட்டில என்ன பண்றது?"

"லீவுக்கு வந்து நாங்க படுக்கறோம்ணா."

"வரலைன்னா நானே தூக்கிட்டு அங்க வந்துடுவேன்" என்றார். இப்படிப்பட்ட அண்ணன்.

மார்ச் 8

ஆட்டத்தில் தோற்றுவிட்டோம். துணி மட்டும் வெளுத்தது.

மார்ச் 16

பின்பக்கத்து அறைகளுக்கு வந்தாகிவிட்டது. கிளப் பையன்களே பீரோவைத் தூக்கி வந்தார்கள். கேப்டன் ஒரு மூலையைப் பிடித்துக்கொண்டு மற்றவர்களைத் திட்டுவதையே வேலையாக வைத்திருந்தான். பல்லி ஒன்று போக மறுக்கிறது. இருக்கட்டும்.

மார்ச் 23

நெட்டையின் மனைவி வந்திருக்கிறாள். சின்னப் பெண், இருபத்திரண்டு இருக்கும். நாங்கள் காலி செய்த கிளப் வீட்டில் கட்டிய பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தாள். அடுப்பு எப்படிப் பற்றும், குழாயில் எத்தனை மணிக்குத் தண்ணீர் வரும் என்று சொன்னேன். எல்லாவற்றுக்கும் சரி, சரி என்றாள். எழுந்திரு என்று கூட்டிக்கொண்டு கிளம்பினேன். பாப்பா முன்னால் ஓடினாள். காய்க்கடை, மருந்துக் கடை, தையல்காரர், குறுக்குச் சந்து, நாய் இருக்கும் வீடு. கடைக்காரர் எனக்கு வணக்கம் வைத்தார். அந்தப் பெண் கவனித்தாள்.

திரும்பும்போது கேட்டாள். "உங்களுக்குச் சொந்த ஊரே இதுதானாக்கா?"

"ஆமாம்" என்றேன்.