காலால் பிறந்தவளுக்கு

விழுப்புரம்
12-8-1958

அன்புள்ள கெங்கம்மாளுக்கு ஆசிகள். நீயும் நம் பிள்ளைகளும் சுகந்தானே? அம்மாவுக்கு இருமல் தணிந்ததா? மல்லாட்டைப் பயிருக்கு மழை கிடைத்ததா?

நான் சுகமே. ரயில் ஷெட்டில் கரிக்கூடையோடு பலகை ஏறும்போது கணுக்கால் கொஞ்சம் பிசகிவிட்டது. பயப்படாதே. ஊராக இருந்தால், காலால் பிறந்தவள் மிதித்தால் சுளுக்கு விட்டுவிடும் என்று எல்லோரும் உன்னிடம்தானே வருவார்கள்? இங்கேயும் அப்படி ஒருவரைத் தேடினேன். கூட வேலை செய்யும் கண்ணையன், "நானும் காலால பொறந்தவன்தான், நீட்டுய்யா" என்று ஏறி மிதித்தான். கால் பூசணிக்காயாக வீங்கிவிட்டது.

ஆஸ்பத்திரி டாக்டருக்குக் கோபம். "உள்ள நார் கிழிஞ்சிருக்கு. மிதிச்சுக்கினு இருந்தா எப்படிய்யா ஒட்டும்? கட்டு போட்டு தலகாணி மேல தூக்கி வை. வீக்கம் வடிஞ்சப்புறம் செவுத்தப் புடிச்சுக்கினு குதிகாலத் தூக்கித் தூக்கி எறக்கு" என்றார். பழையபடி ஆகுமா என்று கேட்டேன். அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

தினமும் அவர் சொன்னபடி செய்கிறேன். நிற்க முடிகிறது. சுமையோடு ஏறினால் கால் மடங்கிவிடுகிறது. மேஸ்திரி என் இடத்துக்கு வேறு ஆளைப் போட்டுவிட்டு, என்னை ஷெட்டைப் பெருக்கச் சொல்லியிருக்கிறார். அதுவும் எத்தனை நாளைக்கோ. அம்மாவிடம் சொல்லாதே.

கட்டுத் துணி நைந்துவிட்டது. உன் பழைய புடவையில் நீளமாகக் கிழித்து, நம் ஒலக்கூரிலிருந்து யாராவது வந்தால் கொடுத்தனுப்பு. புதுத் துணி வேண்டாம்.

இனி வீங்கிய காலோடு யார் வந்தாலும் மிதிக்காதே, திண்டிவனம் ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடு. ஷெட்டில் சங்கு ஊதிவிட்டது, போகவேண்டும். நான் வந்தால் மட்டும் அனுப்பிவிடாதே. மெதுவாக உன் காலை வை, போதும்.

பாண்டுரங்கன்