கையிறுக்கத்தில் நாலு நட்டு

வியாழன், காலை

சர்வேயர் ஐயாவுக்கு,

கோபம் அப்படியே இருக்கட்டும், இதை மட்டும் முழுக்கப் படியுங்கள். போனை எடுக்க மாட்டேன் என்கிறீர்கள். உங்கள் அக்காவிடம் வாயால் சொன்னால் பாதிதான் வந்து சேரும். அதனால் எழுதி அவர் கையிலேயே கொடுத்தனுப்புகிறேன்.

நேற்று உங்கள் பழைய ஸ்போர்ட்ஸ் காரின் பின் சக்கரங்களைப் பிடித்திருக்கும் கம்பிகளில் தேய்ந்துபோன ரப்பர் புஷ்களை எடுத்துவிட்டுப் புதிது போட்டேன். வண்டி ஜாக்கியில் தொங்கும்போது அந்த போல்ட்டுகளை முறுக்கக் கூடாது, ரப்பர் திருகிக்கொண்டு சீக்கிரம் கிழிந்துவிடும். கையால் மட்டும் நட்டைப் போட்டுவைத்து, வண்டியைத் தரையில் இறக்கி, அதன் கனம் சக்கரத்தில் உட்கார்ந்த பிறகுதான் ஸ்பேனர் போட வேண்டும்.

இறக்கினேன். அப்போதுதான் நீங்கள் வந்து, "மலைக்கு அந்தப் பக்கம் வேலைக்கு ஒத்துக்கிட்டேன், ஞாயித்துக்கிழமை கிளம்பணும், பட்டறையை மூடிடு" என்றீர்கள். நானும் வாய்க்கு வந்ததைப் பேசினேன். வண்டியை எடுத்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போய்விட்டீர்கள். நாலு நட்டும் இன்னும் கையிறுக்கத்தில்தான் இருக்கின்றன. வண்டியை நகர்த்தாதீர்கள். நான் வந்து முடித்துத் தருகிறேன்.

உங்கள்
மேஸ்திரி

வெள்ளி

மேஸ்திரி அம்மாவுக்கு,

கதை நன்றாக இருக்கிறது. போன வருஷம் நேர்முகத் தேர்வுக்குக் கிளம்பியபோது, "பேட்டரி செத்துப்போச்சு, இன்னைக்கு வண்டி கிளம்பாது" என்றாய். நம்பி உட்கார்ந்தேன். வயரைக் கழற்றி உன் பாக்கெட்டில் வைத்திருந்தாய். இந்தத் தடவை நட்டா?

இங்கே வர இருபது கிலோமீட்டர் ஓட்டினேன், ஒன்றும் கழன்று விழவில்லை. நீ வர வேண்டாம். அக்கா வீட்டு ஷெட்டைப் பூட்டிச் சாவியை என்னிடமே வைத்திருக்கிறேன். ஞாயிறு காலை ஆறு மணிக்குக் கிளம்புகிறேன்.

இன்னமும் உன் கணவன்தான்

சனி, மதியம்

என்னங்க,

ஆமாம், வயரை நான்தான் கழற்றினேன். நீங்கள் போய்விடுவீர்களோ என்று பயந்தேன். அதற்கு இதுவரை மன்னிப்புக் கேட்கவில்லை, இப்போது கேட்கிறேன்.

உங்கள் கடிதம் வந்ததிலிருந்து எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. அந்த மலைப்பாதையின் வளைவுகள்தான் கண்ணுக்குள் நிற்கின்றன. போங்கள், தாராளமாகப் போங்கள். தடுக்க மாட்டேன், அங்கே வரவும் மாட்டேன். இதோடு இரண்டு ஸ்பேனர் அனுப்பியிருக்கிறேன். பின் சக்கரங்களைக் கெட்டிப் பலகைமேல் ஏற்றி, ஹேண்ட்பிரேக் போட்டு, முன் சக்கரத்துக்குக் கல் கொடுத்துவிட்டு அடியில் போங்கள். ஜாக்கி வேண்டாம். ஒரு ஸ்பேனரால் போல்ட்டின் தலையைப் பிடித்து, இன்னொன்றால் நட்டை மூச்சுமுட்ட முறுக்குங்கள்.

என்னை நம்ப வேண்டாம். நட்டை விரலால் தொட்டுப் பாருங்கள், போதும்.

மேஸ்திரி

ஞாயிறு, மாலை

மேஸ்திரி,

நல்லபடியாக வந்து சேர்ந்துவிட்டேன். அதை முதலில் எழுதிவிடுகிறேன்.

காலையில் வண்டிக்கு அடியில் போகும்போதுகூட உன் பொய்யைப் பிடிக்கத்தான் போனேன். மூன்று நட்டுகள் விரலுக்கே சுற்றின. நான்காவது, தொட்டதும் கழன்று என் நெஞ்சில் விழுந்தது. உன்னிடம் ஜெயிக்க வேண்டும் என்பதற்காகச் செத்துப்போயிருப்பேன்.

நாலையும் முறுக்கிவிட்டுத்தான் கிளம்பினேன். வழியெல்லாம் ஒன்றே ஒன்று உறுத்திக்கொண்டிருந்தது. இந்த வேலைக்கு ஒத்துக்கொள்ளும் முன் உன்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. இப்போது கேட்கிறேன். என்னோடு இங்கே வந்து இருப்பாயா?

உன்னுடைய
சர்வேயர்

வியாழன்

என்னங்க,

உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். நெஞ்சில் விழுந்தது என்ற இடம் வரும்போதெல்லாம் எழுந்துபோய், யாருடையதோ ஒரு வண்டியில் ஏற்கெனவே இறுகியிருந்த போல்ட்டையே மறுபடி முறுக்கினேன். வண்டிக்காரர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

வர மாட்டேன். பட்டறையை மூடவும் மாட்டேன். வேலைக்கு ஒத்துக்கொள்ளும் முன்பே கேட்டிருந்தாலும் இதையேதான் சொல்லியிருப்பேன், சத்தம் போடாமல்.

ஆனால் சனிக்கிழமை மதியம் பூட்டிவிட்டு பஸ் ஏறினால் சாயங்காலம் அங்கே இருப்பேன். திங்கள் காலை முதல் பஸ்ஸில் திரும்பிவிடுவேன். வாரத்தில் ஒன்றரை நாள். உங்களுக்கு அது போதுமா? போதாது என்றால் அதையும் எழுதுங்கள், தாங்கிக்கொள்வேன். முடிவெடுத்துவிட்டுச் சொல்லவில்லை, கேட்கிறேன்.

மேஸ்திரி