ரயில் இல்லை என்றார் கரிக்காரர்

எர்லாங்கன்,
மேற்கு ஜெர்மனி,
1-12-1969

அன்புள்ள அம்பிகாவுக்கு,

நானும் வத்சலாவும் மாப்பிள்ளையும் நன்றாக இருக்கிறோம். உன் இழுப்பு எப்படி இருக்கிறது என்று பதிலில் முதல் வரியாக எழுது. மற்ற சங்கதியெல்லாம் பிறகு.

நான் வந்து மூன்று வாரம் ஆகிறது. எதற்காக வந்தேனோ அதைப் பார்த்துவிட்டேன். நம் கரி டிப்போவில் மூட்டை மூட்டையாக வீணாகும் கரித்தூளை இவர்கள் இயந்திரத்தில் கொடுத்து, செங்கல் மாதிரி கட்டி கட்டியாக அழுத்தி எடுத்துவிடுகிறார்கள். ஈரோட்டில் இதை யாராவது தொடங்குவதற்குள் நான் தொடங்கிவிட வேண்டும். கிருஷ்ணமூர்த்தியிடம் சொல், தூளை இனி வெளியே கொட்டக் கூடாது என்று.

இங்கே குளிர் என்றால் நம் ஊர்ப் பனி இல்லை. காலையில் வெளியே வைத்த வாளித் தண்ணீர் மத்தியானம் கல்லாக இருக்கிறது. வீட்டைச் சூடாக்குவதும் குளிக்கத் தண்ணீர் காய்ச்சுவதும் சமையலறையில் நிற்கும் ஓர் இரும்பு அடுப்புத்தான். நம் குளியலறையில் இருக்கும் செம்புப் பாய்லருக்கு அண்ணன் என்று வைத்துக்கொள். வயிற்றில் கரிக்கட்டியைப் போட்டால், அதைச் சுற்றியுள்ள தொட்டியில் தண்ணீர் காய்ந்து, குழாய் வழியாக அறை அறையாகப் போய்ச் சுவரோரத்து இரும்புப் பட்டைகளைச் சூடாக்கிவிட்டுத் திரும்பி வருகிறது.

மாப்பிள்ளை என்ஜினீயர்தான். ஆனால் மின்சாரத்து என்ஜினீயர், நெருப்பு அவருக்குப் பிடிபடவில்லை. புகைக்குழாயில் ஒரு தகடு இருக்கிறது, கைப்பிடியைத் திருப்பினால் திறக்கும், மூடும். அவர் அதை முழுக்கத் திறந்தே போட்டிருந்தார். சூடு பூராவும் ஆகாயத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. நான் வந்த மறுவாரமே, கரி கனிந்ததும் முக்கால்வாசி மூடிவிடப் பழக்கினேன். ஒரு வாளி போட்ட இடத்தில் இப்போது அரை வாளி போதுகிறது. மாமா கை பட்டால் அடுப்புக்கூடச் சொன்னபடி கேட்கிறது என்று மாப்பிள்ளை வாசுதேவன் வாய்விட்டே சொன்னார். முப்பது வருஷம் கரியோடு புழங்கியவன் இல்லையா.

இனி நீ உட்கார்ந்து படிக்க வேண்டிய விஷயம். வத்சலாவுக்குப் பத்து நாளாகக் காலையில் எழுந்ததும் தலைசுற்றல், வாந்தி. நாளும் தள்ளிப்போயிருக்கிறதாம். என்னிடம் சொல்லக் கூச்சப்பட்டு மாப்பிள்ளையிடம் சொல்லி, அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே என்னிடம் சொன்னார். கல்யாணமாகி நான்கு வருஷம் கழித்து! கடைவீதிக்குப் போனால் தெளிந்துவிடுகிறாள், வீட்டுக்குள் வந்தால் மறுபடி படுத்துக்கொள்கிறாள். மசக்கையில் இப்படியும் உண்டா என்று நீதான் எழுத வேண்டும். நீ அவளைச் சுமந்தபோது நான் சத்தியமங்கலம் மலையில் சைக்கிளில் கரிமூட்டை கட்டிக்கொண்டிருந்தேன். எனக்கு ஒன்றும் தெரியாது.

மார்கழி பிறக்கப் போகிறது. விடியுமுன் தலைக்குக் குளிக்கிறேன் என்று நிற்பாய். சொன்னால் கேட்க மாட்டாய். ஆகவே ஆசாரியைக் கூப்பிட்டு, குளியலறையில் பாய்லருக்கு மேலே இருக்கும் வென்டிலேட்டருக்கு ஒரு பலகை அடித்துவிடு. இந்த ஊரில் ஒரு சந்து விடாமல் அடைத்துத்தான் சூட்டைக் காப்பாற்றுகிறார்கள். பனி உள்ளே வராவிட்டால் இழுப்பும் வராது.

நம் வீட்டுக்கு ஒரு நல்லது நடக்கட்டும்.

இப்படிக்கு,
நடேசன்

-

எர்லாங்கன்,
22-12-1969

அன்புள்ள அம்பிகாவுக்கு,

உன் கடிதம் சனிக்கிழமை வந்தது. வத்சலா மூன்று முறை படித்தாள். நீ தெருவுக்கே சொல்லிவிட்டாய் என்பதும், குழந்தை நல்லபடியாகத் தங்க வேண்டும் என்று மார்கழி முப்பது நாளும் விடியுமுன் குளித்து ஒருவேளை பட்டினி இருக்கப் போகிறாய் என்பதும் அறிந்தேன். டாக்டர் பார்க்கவே ஜனவரியில்தான் நாள் கொடுத்திருக்கிறார்கள். அதற்குள் தெருவுக்கு ஏன் சொன்னாய்? சரி, சொன்னது சொன்னதாக இருக்கட்டும். பலகை அடித்தாகிவிட்டது என்று எழுதியிருந்தாயே, அந்த மட்டும் நிம்மதி.

அவள் உடம்பில் காற்றுப் பட விடாதீர்கள் என்று எழுதியிருந்தாய். இங்கே சமையலறைச் சுவரில், தரையை ஒட்டி, ஒரு சாண் அகலத்துக்குக் கம்பிவலை போட்ட ஓட்டை ஒன்று இருக்கிறது. எதற்கு வைத்தார்களோ தெரியவில்லை. அதன் வழியாக வரும் குளிர் நேராக அவள் காலில் அடிக்கிறது. என் பழைய வேட்டியைச் சுருட்டி அதை அடைத்துவிட்டேன். ஜன்னல் இடுக்குகளில் செய்தித்தாளை நனைத்து ஒட்டினேன். வீடு இப்போது கதகதவென்று இருக்கிறது.

போன வியாழக்கிழமை ஒரு வேடிக்கை. இங்கே புகைபோக்கி துடைப்பதற்கென்றே சர்க்கார் கணக்கில் ஓர் ஆள் வருவார். தலை முதல் கால் வரை கறுப்பு உடை, தோளில் கம்பிச் சுருள், உயரத் தொப்பி. அவரைத் தொட்டால் அதிர்ஷ்டமாம், வத்சலா சொன்னாள். கரி பூசிய ஆளைத் தொட்டால் அதிர்ஷ்டம் என்றால் நான் என்றைக்கோ கோடீஸ்வரன் ஆகியிருக்க வேண்டும். எனக்கென்னவோ அந்த ஆள் வாசலில் வந்து நின்றதே பிடிக்கவில்லை.

மாப்பிள்ளை கம்பெனி வேலையாக முனிச் போயிருந்தார். மாடியில் இருக்கும் வீட்டுக்கார அம்மாள் பண்டிகைக்கு மகள் வீட்டுக்குப் போய்விட்டாள், இருபத்தெட்டாம் தேதிதான் வருவாள். வத்சலாவும் நானும் மட்டும். அந்த ஆள் அடுப்புக்கு எதிரே குந்தி, ஒரு தீக்குச்சியைக் கொளுத்தி அடுப்பு வாயருகே பிடித்தார். சுடர் உள்ளே சாயாமல் அறைப்பக்கமாகவே வளைந்தது. தலையை ஆட்டிக்கொண்டு, “கைன் ட்ஸூக், கைன் ட்ஸூக்” என்று இரண்டு தடவை சொன்னார். வத்சலா ஆறு மாதம் ஜெர்மன் வகுப்புக்குப் போனவள். ட்ஸூக் என்றால் ரயில், கைன் என்றால் இல்லை. அப்பா, பனியால் ரயில் ஓடவில்லை என்கிறார், முனிச்சிலிருந்து இவர் எப்படித் திரும்பி வருவார் என்று கலங்கிவிட்டாள். நான் அவரிடம் பரவாயில்லை, பரவாயில்லை என்று கைகாட்டி அனுப்பிவைத்தேன். அவர் ஒரு சீட்டில் ஏதோ எழுதி, வீட்டுக்கார அம்மாளின் வாசல் பக்கம் விரலைக் காட்டி, அதை மேஜைமேல் வைத்துவிட்டு, போகிற போக்கில் நின்று நின்று திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார். சீட்டை டீத்தூள் டப்பாவுக்குக் கீழே வைத்திருக்கிறேன்.

சாயங்காலம் மாப்பிள்ளை சரியான நேரத்துக்கு வந்து நின்றார். ரயில் இல்லை என்றாரே கரிக்காரர் என்று கேட்டோம். பின்னே நான் எதில் வந்தேன், கரிக்காரர் தோளிலா என்றார். சிரித்துச் சிரித்து வத்சலாவுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. சீட்டைக் காட்ட மறந்துபோனேன்.

மறதி என்றதும் நினைவு வருகிறது. நேற்று நம் கிருஷ்ணமூர்த்தியின் பெயர் எனக்கு வரவில்லை. பதினெட்டு வருஷமாக டிப்போவைப் பார்த்துக்கொள்கிறவர் பெயர்! குளிர் மூளைக்கும் ஆகாது போலிருக்கிறது. எனக்கும் காலையில் தலை கனக்கிறது. மாப்பிள்ளைக்கு ஞாயிற்றுக்கிழமை மட்டும் தலைவலி. மற்ற நாளில் சைக்கிளை மிதித்து வேலைக்குப் போய்விட்டால் ஒன்றும் இல்லை. லீவு நாளில் மாமனாரோடு இருந்தால் தலைவலி வராதா என்று நானே சொல்லிச் சிரித்தேன்.

வத்சலா இளைத்திருக்கிறாள். ஆனால் உதடு வெற்றிலை போட்டது போலச் சிவந்திருக்கிறது. பிள்ளைக்களை என்று நீ சொல்வாயே, அதுதான் என்று நினைக்கிறேன்.

உன் பட்டினியைக் குறைத்துக்கொள்.

இப்படிக்கு,
நடேசன்

-

எர்லாங்கன், ஆஸ்பத்திரி,
3-1-1970

அம்பிகா,

இதற்கு மேல் படிக்காதே. எழுந்துபோய்க் குளியலறைப் பலகையைப் பிடுங்கிப் போடு. ஆசாரிக்குக் காத்திருக்காதே, அரிவாள்மணையால் நெம்பினாலும் வந்துவிடும். பாய்லரை முற்றத்துக்குத் தூக்கி வைக்கச் சொல். பிறகு வந்து உட்கார்ந்து படி.

வத்சலா பிழைத்துவிட்டாள். இதே ஆஸ்பத்திரியில் கீழ்த்தளத்தில் இருக்கிறாள். நேற்று கஞ்சி குடித்தாள்.

நடந்ததைச் சுற்றி வளைக்காமல் எழுதுகிறேன். போன ஞாயிறு, இருபத்தெட்டாம் தேதி, முற்பகல். மாப்பிள்ளை வாசலில் பனியை அள்ளிக்கொண்டிருந்தார். வத்சலா அடுப்பில் கரிக்கட்டி போடக் குனிந்தவள் அப்படியே சாய்ந்தாள். நான் நாலடி தள்ளி நாற்காலியில் இருந்தேன். எழ வேண்டும் என்று தெரிகிறது, கால் ஈரத்துணி மாதிரி மடிகிறது. கூப்பிட வாய் வரவில்லை. என் பெண் கீழே கிடப்பதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன், அம்பிகா. எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது.

மாப்பிள்ளை உள்ளே வந்து பார்த்து அலறியிருக்கிறார். அப்போதுதான் ஊரிலிருந்து வந்து இறங்கிய வீட்டுக்கார அம்மாள் பெட்டியைப் போட்டுவிட்டு ஓடிவந்து, ஜன்னல் ஒன்றையும் திறக்க முடியாமல், நான் ஒட்டிய காகிதம் அப்படி, கண்ணாடியை முழங்கையால் உடைத்தாளாம். சுவர் ஓட்டையிலிருந்து என் வேட்டியை இழுத்து எறிந்தவளும் அவள்தான். அது அடுப்பு மூச்சு விடுவதற்கான ஓட்டை. அதை அடைத்து, மேலே புகைக்குழாயையும் மூடினால், நெருப்பு எங்கே மூச்சு விடும்? நம் மூச்சைத்தான் எடுக்கும்.

டீத்தூள் டப்பாவுக்குக் கீழே இருந்த சீட்டை அவள்தான் படித்தாள். ட்ஸூக் என்றால் ரயில் மட்டும் இல்லையாம். புகைபோக்கி புகையை மேலே இழுக்கும் இழுப்புக்கும் அதே சொல்தானாம். இழுப்பு இல்லை, அடுப்பைப் பற்றவைக்காதீர்கள் என்று அந்த மனிதர் எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

ஜெர்மன் தெரியாதது ஒரு சாக்கு. எனக்குக் கரி தெரியும். யுத்த காலத்தில் பெட்ரோல் கிடைக்காமல், பின்னால் உருளை மாட்டிக் கரிவாயுவில் பஸ் ஓட்டினார்களே, அவர்களுக்குக் கரி போட்டுத்தான் நான் தலையெடுத்தேன். ஒரு மழைநாளில் ஷெட் கதவைச் சாத்திக்கொண்டு உருளையைப் பற்றவைத்த கிளீனர் உட்கார்ந்த வாக்கிலேயே போய்விட்டான். உதடு வெற்றிலை போட்டது போலச் சிவந்திருந்தது. பேய் அடித்தது என்றார்கள். இல்லை, கரியின் காற்று என்று சொன்னவன் நான். அதே சிவப்பை என் பெண் முகத்தில் பார்த்து உனக்குச் சந்தோஷமாக எழுதினேனே. நம் ஊர் வீடு ஓட்டுக்கூரையும் ஜன்னலுமாக எப்போதும் திறந்து கிடப்பது. அதனால் அந்தப் பயமே எனக்கு விட்டுப்போய்விட்டது.

இன்னொன்றும் எழுத வேண்டும். குழந்தை இல்லை. இருந்து போகவில்லை, இருக்கவே இல்லை. சோதித்துப் பார்த்துச் சொல்லிவிட்டார்கள். வாந்தியும் தலைசுற்றலும் இந்தக் காற்றால். நாள் தள்ளியது உடம்பு நொந்ததால் இருக்கலாம் என்கிறார்கள். மாப்பிள்ளைக்கும் எனக்கும் அதே தலைவலி வந்தபோதே எனக்கு உறைத்திருக்க வேண்டும், மசக்கை மூன்று பேருக்கா வரும்? வத்சலா அழவில்லை. தெருவுக்கெல்லாம் அம்மா சொல்லியிருப்பாளே என்று மட்டும் கேட்டாள்.

காற்றுப் பட விடாதே என்று நீ எழுதியதால்தான் அடைத்தேன் என்று நினைக்காதே. தகட்டை மூடியவன் நான். அது உன் கடிதம் வருவதற்கு முன்பே.

செவ்வாய்க்கிழமை வீட்டுக்கார அம்மாள் தபாலை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தாள். நீ பத்தொன்பதாம் தேதி எழுதிய கடிதம் இருந்தது. குளித்துவிட்டு வெளியே வரும்போது தலை சுற்றுகிறது, பட்டினியால் இருக்கும் என்று எழுதியிருந்தாய். வயிற்றைப் புரட்டுகிறது, பெண்ணுக்கு மசக்கை வந்தால் அம்மாவுக்குமா என்று வேலைக்காரி கேலி செய்கிறாள் என்றும் எழுதியிருந்தாய். பலகை அடிக்கச் சொன்னவனும் நான்தானே.

அன்றைக்கே தந்தி கொடுக்கச் சொன்னேன். நான்கு நாளாகிறது, பதில் இல்லை. நேற்றும் இன்றும் டிப்போ நம்பருக்கு ட்ரங்க் கால் போட்டார் மாப்பிள்ளை. இரண்டு நாளும் மணி அடிக்கிறது, யாரும் எடுக்கவில்லை என்று ஆபரேட்டர் சொன்னாளாம். வெள்ளிக்கிழமை, சனிக்கிழமை, இரண்டும் வேலை நாள். நம் டிப்போ வேலை நாளில் பூட்டிக் கிடந்தது என் அப்பா செத்த அன்று ஒருநாள்தான். கிருஷ்ணமூர்த்தி வெளியூர் போயிருப்பார். போன் கெட்டுப்போயிருக்கும். மாப்பிள்ளையிடம் அப்படித்தான் சொன்னேன். அவரும் தலையை ஆட்டிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

எனக்கு இதயம் களைத்திருக்கிறதாம். பத்து நாளைக்கு விமானம் ஏறக் கூடாது என்கிறார்கள். அதனால்தான் இந்தக் கடிதம், நான் வருவதற்குப் பதிலாக.

விரதத்தை விட்டுவிடு. அதை யாருக்காகப் பிடித்தாயோ அந்தக் குழந்தை இல்லை. விடியுமுன் குளிக்காதே. வெயில் ஏறியபின், முற்றத்தில், பச்சைத் தண்ணீரில் குளி. இழுப்பு வந்தால் வரட்டும். உன் இழுப்புச் சத்தம் வீடு முழுக்கக் கேட்கட்டும், ஒரு நாளும் இனி முகம் சுளிக்க மாட்டேன்.

ஒரு தந்தி கொடு, அம்பிகா. ஒரு வார்த்தை போதும். பின்னாலேயே ஒரு கடிதமும் போடு. கிருஷ்ணமூர்த்தி எழுதிய கடிதமாக அது இருக்கக் கூடாது. உன் கையெழுத்தில் வேண்டும்.

நீண்ட ஆயுளோடு இரு.

உன் பதிலுக்காக, ஜன்னலைத் திறந்துவைத்துக் காத்திருக்கும்,
நடேசன்