தம்பி விழுங்கிய மாத்திரை

மார்ச் 4, செவ்வாய்

கீழ்த்தாடையின் கோடியில் ஞானப்பல் படுத்தவாக்கில் முளைத்திருக்கிறதாம். அறுத்துத்தான் எடுக்க வேண்டும் என்றார் பல் டாக்டர். ஒத்துக்கொள்ளாத மருந்து உண்டா என்று கேட்டார். இல்லை என்றேன். குடும்பத்தில் யாருக்காவது மாத்திரைப் பழக்கம்? அதற்கும் இல்லை என்றேன். வாய் தானாகச் சொல்லிவிட்டது.

மார்ச் 10

பல் போயிற்று. மரத்த உதட்டோடு மருந்துக்கடையில் நின்றேன். கிருமிக்கு ஒன்று, வீக்கத்துக்கு ஒன்று. வலிக்கென்று கடைக்காரர் மூன்றாவது அட்டையை நீட்டியபோது என் கை பின்வாங்கியது. தம்பி விழுங்கிய அதே மாத்திரை.

"ரொம்ப வலிச்சா மட்டும் போடுங்க. நல்லா தூக்கம் வரும்" என்றார்.

தூக்கம்.

மார்ச் 11

விண் விண்ணென்று தெறிக்கிறது. ரயில் நிலையத்தில் இன்று என் மைக்கில் வேறொருத்தி அறிவிப்புச் சொல்லியிருப்பாள்.

தம்பி பைக்கிலிருந்து விழுந்து கால் ஒடிந்தபோது ஆஸ்பத்திரியில் எழுதிக்கொடுத்த மாத்திரை இது. கால் கூடிவிட்டது, மாத்திரை நிற்கவில்லை. என் வீட்டில்தான் இருந்தான். அட்டையிலிருந்து மாத்திரை பிதுங்கும் 'படக்' சத்தம் சுவருக்கு அந்தப் பக்கம் கேட்டுக்கொண்டே இருக்கும். ஒருநாள் காலையில் அவன் எழுந்திருக்கவில்லை.

மத்தியானம் அந்தச் சத்தம் கேட்டது. அவன் அறையைத் திறந்து பார்த்தேன். யாருமில்லை. பின்னே யார் இருப்பார்கள்? எதற்குப் போய்ப் பார்த்தேன்?

மார்ச் 12

தாங்க முடியாமல் அட்டையை எடுத்துவிட்டேன். ஒன்றே ஒன்று — ஒன்றால் என்ன ஆகிவிடப்போகிறது? அவனும் இப்படித்தானே முதல் நாள்... விரலுக்கு அழுத்த வரவில்லை.

துணைக்கு வந்திருக்கும் அம்மா வாசலில் நின்றிருந்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். அட்டையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அவனுக்கும் இப்படித்தான்டி வலிச்சிருக்கும், இல்ல?"



அவளே என் போனில் பல் டாக்டரைக் கூப்பிட்டாள். சொந்தக்காரர்கள் அத்தனை பேரிடமும் தம்பி போனது மாரடைப்பில் என்றே சொல்லிவந்தவள்.

"டாக்டர், என் பையன் இந்த மாத்திரைக்கு அடிமையாகித்தான் செத்துப்போனான். பொண்ணுக்கு இது வேணாம். வேற ஏதாவது குடுங்க."

அவர் கோபப்படவில்லையாம். முதலிலேயே தெரிந்திருந்தால் எழுதியிருக்கவே மாட்டேன் என்றாராம். சாதாரண வலி மாத்திரை இரண்டு வகை, எப்போது எவ்வளவு என்று விளக்கி, சாப்பிட்ட பிறகு போடச் சொன்னாராம். அம்மாவே கடைக்குப் போனாள். அந்த அட்டையை அங்கேயே ஒப்படைத்துவிட்டு வந்தாள்.

மார்ச் 13

வலி இருக்கிறது. பொறுத்துக்கொள்கிற வலி.

மார்ச் 17

தையல் பிரித்தாயிற்று. நாளை வேலைக்குப் போகலாம்.

சாயங்காலம் அம்மா பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். இத்தனை காலம் கேட்காததை, தலை நிமிராமல் கேட்டாள்.

"கடைசியா அன்னைக்கு ராத்திரி சாப்பிட்டானா?"

"சாப்பிட்டான்மா. ரெண்டாந்தரம் கேட்டு வாங்கிக்கிட்டான்."

"என்ன பண்ணியிருந்தே?"

சொன்னேன். எதைப் பற்றிப் பேசினான் என்று கேட்டாள். சிரித்தானா என்று கேட்டாள். இருட்டிவிட்டது, விளக்குப் போட இருவருமே எழுந்திருக்கவில்லை.