நாலாம் மாடிச் சோதனை அறை

மார்ச் 4

லிஃப்டில் இன்றும் அந்த அட்டை: 'பழுது'. பழுதில்லை என்பது எனக்கும் தெரியும், அதைத் தொங்கவிட்ட அண்ணனுக்கும் தெரியும். என்னிடம் செவித்திறன் சோதனைக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் எழுபதைக் கடந்தவர்கள். ஏற முடிந்தவர்கள் நாலு மாடி ஏறி வருகிறார்கள், முடியாதவர்கள் வருவதில்லை. அண்ணனின் கணக்கு அதுதான்.

கட்டடம் அவருக்கு, வீடு எனக்கு, நாலாம் மாடி மட்டும் நான் வேண்டாமென்று சொல்லும்வரை என்னுடையது. அப்பா பிரித்துக் கொடுத்தது இப்படி. நான் எழுந்து போனால் மறுவாரமே இடித்துவிடுவார். ஆகவே போவதாயில்லை.

மார்ச் 11

அண்ணன் தொலைபேசியில். "டேய், எதுக்குடா இந்த வீம்பு? வேற கட்டடத்துல, தரைத்தளத்துல நானே ஒரு இடம் பாத்துத் தரேன்."

"முதல்ல லிஃப்டை ஓடவிடுங்கண்ணா."

"அதுக்கும் உன் வயசுதான்டா. அது ஓஞ்சிருச்சு, நீதான் ஓய மாட்டேங்கிற."

அவர் சிரித்து முடிக்கும்வரை காத்திருந்து, விடைபெற்றுக்கொண்டு, வைத்தேன். குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் அவருக்கு நிம்மதியாகியிருக்கும்.

மார்ச் 19

மூன்றாம் மாடித் தையற்காரர் காலி செய்துவிட்டார். இயந்திரங்களைக் கயிறு கட்டிப் படிவழியே இறக்கினார்கள். "இனிமே நீங்கதான் ராஜா, டாக்டர். மொத்தக் கட்டடமும் உங்களுக்குத்தான்." என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

மற்றவர்கள் முன்பே போய்விட்டார்கள். அப்போதெல்லாம் முதல் மாடியில் தட்டச்சுப் பள்ளி. இரண்டாவதில் இசைக்கருவிக் கடை — வருகிறவன் ஒவ்வொருவனும் ட்ரம்பெட்டை ஒருமுறை ஊதிப் பார்ப்பான், வாங்க மாட்டான். அதற்கு மேல் தையல் இயந்திரங்கள். காதைச் சோதிக்கிறவன் பிழைக்கும் இடமா அது? அப்பாவிடம் முறையிட்டேன். "சத்தம் போடுறவன்தான்டா வாடகை தர்றான். உன் அமைதி எனக்கு என்ன தருது?" என்றார். வேறு வழியின்றி இரட்டைச் சுவரும் இரட்டைக் கதவுமாக ஓர் அறை கட்டிக்கொண்டேன். கதவைச் சாத்தினால் உலகம் அறுந்துபோகும். திறந்தால் அத்தனையும் ஒரேயடியாக மேலே வந்து விழும். எத்தனை நாள் அதைச் சபித்திருக்கிறேன்!

மார்ச் 20

கதவைத் திறந்தேன். உள்ளும் வெளியும் ஒன்றுதான்.

ஏப்ரல் 2

மனைவி: "பேசாம அந்தக் கட்டடத்தையே கட்டிக்கிட்டிருக்கலாம் நீங்க. சாப்பாட்டுக்கு மட்டும் எதுக்கு இங்க வர்றீங்க?"

நான் பதில் சொல்வதற்குள் அவளே சிரித்துவிட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஏப்ரல் 9

என்னிடம் பல ஆண்டுகளாக வரும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியை, இரண்டாம் மாடித் திருப்பத்தில் உட்கார்ந்துவிட்டார். மகன் மேலே ஓடி வந்து அழைத்தான். கையடக்கச் சோதனைக் கருவியோடு இறங்கினேன். முகம் வெளுத்திருந்தது; கைப்பிடிக் கம்பியை விடவில்லை. மூச்சு திரும்பியதும் அவர் சொன்ன முதல் வார்த்தை: "இன்னும் ஒரு மாடி ஏறியிருந்தா நேரா மேலேயே போயிருப்பேன், டாக்டர்."

மகன் சிரிக்கவில்லை. என்னைப் பார்த்தான்.

அவரை எழுப்ப மனமில்லாமல் படியிலேயே ஹெட்ஃபோனை மாட்டிச் சோதித்தேன். முறைப்படி அது தவறு. எங்கோ ஒரு கதவைச் சாத்தினாலும், யாரோ ஒருவர் நடந்தாலும் முடிவு கெட்டுவிடும். யாரும் கதவைச் சாத்தவில்லை. யாரும் நடக்கவில்லை. போன ஆண்டு என் அறைக்குள் சோதித்தபோது கிடைத்த முடிவோடு இன்றைய முடிவு அப்படியே பொருந்தியது.

படிக்கட்டில்!

எதைக் காவல் காத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்? அண்ணன் இனிமேல்தானா இடிக்கப் போகிறார்? என்ன இருக்கு இப்ப அங்க — ஒண்ணுமே இல்லையே. அந்தம்மாவுக்கு ஏதாவது ஆகியிருந்தா?

ஏப்ரல் 10

சாவியைக் கொடுத்தேன்.

"கோவமாடா?" என்றார் அண்ணன்.

"இல்லண்ணா."

அவர் நம்பவில்லை. நம்பவைக்க நானும் முயலவில்லை. அவர் பார்த்து வைத்திருந்த இடம் வேண்டாம், நானே தேடிக்கொள்கிறேன் என்றேன்.

ஜூன் 16

புது இடத்துக்குத் தலைமையாசிரியை துணையின்றியே வந்தார். தரைத்தளம், வாசலில் ஒரே படி. நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டு, "இதை முன்னாடியே செஞ்சிருக்கலாமில்ல?" என்றார்.

"செஞ்சிருக்கலாம்மா."

புதிய செவிக்கருவியைப் பொருத்திவிட்டேன். எழுந்தவர் வாசலில் நின்று கேட்டார்: "அந்தக் கட்டடத்தை இடிச்சுட்டாங்களா, டாக்டர்?"

"தெரியாதும்மா."

பொய்யில்லை. வீட்டுக்குக் குறுக்கு வழி அந்தக் கட்டடத்துத் தெருதான். இன்றும் சுற்றிக்கொண்டுதான் வந்தேன்.